ஒளிரும் நியூரானும் அறியும் உயிரும்

திருவொற்றியூர்க் கடலோரத்தில் பட்டினத்தாரின் சமாதி. தெற்கே, ராயபுரத்தை ஒட்டி, நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் படித்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. உடம்பை நிலையற்றதென்று துறந்தவர் ஒருவர். 'நான்' என்ற உணர்வை மூளையில் தேடியவர் மற்றவர். மூளையிலான அந்தத் தேடல் தனி நியூரான் வரை சென்றிருக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், வலிப்பு நோயாளிகளின் மூளையில் சிகிச்சைக்காக வைத்த மின்முனைகள் தனித்தனி நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்தன. ஹாலி பெர்ரி என்ற நடிகையின் படங்களுக்குத் துடித்த ஒரு நியூரான், அவர் பெயரை எழுத்தில் காட்டியபோதும் துடித்தது. எலிகளில் இந்தத் துடிப்பைக் காண இன்னொரு வழி உண்டு. ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்திலிருந்து உருவாக்கிய உணரியை மரபணு வழியே நியூரானுக்குள் சேர்த்தால், துடிக்கும்போது கால்சியம் ஏறி அந்த நியூரான் பளிச்சிடும். ஆனால் அந்த ஒளியைக் காண்பவர் ஆய்வாளர். எலி காண்பது சோதனைக்காகத் தன் எதிரே காட்டப்படும் நகரும் கோடுகளை. எத்தனை நியூரான்களுக்கு அடையாளமிட்டாலும் இந்த இடைவெளி தானாக மூடாது என்றே கருதுகிறேன்.

நியூரானைத் தூண்டினால் எலியின் நடத்தையே மாறுகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், காரணத் தொடர்பை மறுக்க முடியாது. சைவ சித்தாந்தமும் மறுக்கவில்லை: உடல், புலன், மனம் ஆகிய கருவி கரணங்களின் துணையின்றி உயிர் உலகப் பொருள் எதையும் அறியாது என்பதே மெய்கண்டார் மரபு. ஆகவே இந்தப் பதிவுகள் அக்கொள்கையை வீழ்த்தவில்லை, நிறுவவுமில்லை. எந்தச் சோதனையும் தொடாத இடத்தில் உயிரை வைத்துக்கொள்வது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது தேடலைக் கைவிடுவதாகவே படுகிறது. மின்முனை பதிவு செய்ததோடு, அந்த நோயாளி தான் கண்டதாகச் சொல்வதையும் சான்றாக ஏற்று ஆராய வேண்டும்.