அப்பனே கேட்டார்... நான் கேட்கலையே!

ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு, "அண்ணா, இந்தக் கணக்கு தப்பா வருதே"ன்னா. டீம் லீடர் நான். "சொன்னதை மட்டும் செய்ம்மா"ன்னு வாயை அடைச்சிட்டேன். அவ சொன்னதுதான் சரி. ராத்திரி முழுக்க டீமே உட்கார்ந்து திருத்தினோம். அதுக்கப்புறம் மீட்டிங்ல யாருமே வாயைத் திறக்கல.

ஞாயிற்றுக்கிழமை சுவாமிமலை போனேன். அப்பா சுந்தரேஸ்வரர் சன்னதி கீழே. 60 படி ஏறினால் மேலே மகன் சுவாமிநாதன். பிரணவப் பொருள் தெரியாத பிரம்மாவைச் சிறையில் வைத்த பிள்ளை! "உனக்குத் தெரியுமா?" என்று கேட்ட சிவபெருமான், அவன் முன்னால் சீடனாகவே நின்று கேட்டுக்கொண்டார். அதனால ஈசனுக்கு என்ன குறைஞ்சது? படியிலேயே உட்கார்ந்துட்டேன்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டேன். "இன்னொண்ணும் இருக்குண்ணா"ன்னு லேப்டாப்பைத் திருப்பினா. அரோகரா!