குடை தந்த கை

வ.உ.சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டார். கொழும்புக்குக் கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

குடை தந்த கை எதை மறைத்தது? போட்டி ஒழிந்தபின் கட்டணம் என்னவாகும்? எட்டாம் வகுப்பு மாணவனுக்கு இவ்வாறு கேட்கக் கற்பிப்போம். சொல்பவர் யார்? சான்று எங்கே? சொல்லாமல் விட்டது எது?

சுதேசிக் கப்பலில் ஏறுக என்ற அழைப்பையும் அவன் அவ்வாறே ஆராயட்டும். நாளை நம்மையே கேட்பானே என அஞ்சுவோர் உண்டு. கேட்கட்டும்! முத்தைச் சலித்துத் தரம் பிரித்த கரை இது. சல்லடை, வேண்டியவர் முத்தென்று விலக்களிப்பதில்லை. நமக்கு உவப்பான சொல்லை மட்டும் ஆராயாது ஏற்கப் பழகியவன், நாளை எவர் குடைக்கும் மயங்குவான்.