தம்மத்தைத் தனித்துக் கற்கலாமா?

பௌத்த தம்மத்தையும் தியானத்தையும் கற்க விரும்பும் நம்மவர், இந்நாளில் பிக்குவைத் தேடிச் செல்வதினும் கைப்பேசியைத் திறப்பதே மிகுதியாயிருக்கின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயின் பொருட்டு விகாரைகளும் மன்றங்களும் அடைபட்டபோது இவ்வழக்கம் வேரூன்றியது. நோய் தணிந்த பின்னும் அது தணிந்திலது. அமெரிக்க நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பௌத்தத்தைப் பற்றி இணையவழிப் பாடங்கள் நடத்தியிருக்கின்றன. சுத்த பிடகத்தைப் பாலியிலும் பன்மொழிகளிலும் விலையின்றிப் படிக்கத் தரும் தளங்கள் உள்ளன. முன்னாளில் ஒரு நிகாய நூலைக் கண்ணாற் காண்பதற்கே பெருநகர் நூலகத்தை நாடவேண்டியிருந்ததை எண்ணுங்கால் இது சிறு பேறன்று.

ஆயினும், இது தம்மத்தைக் கற்றலாகுமா என்னும் வினா நம்மிடையே எழாமலில்லை. நிழலுருவின் முன் அமர்ந்து திரிசரணம் சொல்வதும் ஒரு சரணமோ என்பர் முதியோர். ஊரில் பிக்குவுமில்லை, விகாரையுமில்லை, யாம் யாரிடம் செல்வது என்பர் இளையோர். இளையோரின் வினாவிற்கு விடை கூறாமல் முதியோரின் வினாவைப் பெரிதாக்குதல் நீதியன்று. பகலெல்லாம் பிறர் வீட்டில் உழைத்து, இரவு ஒன்பது மணிக்குமேல் அரைமணி நேரம் தனக்கெனப் பெறுகின்ற ஒரு தாய், அந்த அரைமணியில் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறாள் என்றால், அதனைத் தகாதென்று சொல்ல யாருக்கு உரிமையுண்டு? கல்வி மறுக்கப்பட்டோரின் மக்களாகிய நாம், இன்னாரிடம் இவ்விடத்திற் கேட்டாலன்றிக் கல்வியாகாதென்று வரம்பு கட்டுவோமாயின், நாம் விட்டு வந்த மதத்தின் வாயிற்கதவையே மீண்டும் செய்து மாட்டியவராவோம்.

தொலைவிலிருந்து கற்றலும் நமக்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1898ஆம் ஆண்டில் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று வந்து சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் அவர் சென்னையினின்று வெளியிட்ட 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வாரத்தாள், மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளருக்கும், கடல் கடந்து இரங்கூனில் வாழ்ந்த தமிழர்க்கும் அஞ்சல் வழியே தம்மத்தைக் கொண்டு சென்றது. ஆசிரியரின் முகத்தை ஒருநாளும் காணாதார் பலர் அத்தாளாற் பௌத்தராயினர். ஆனால் இங்கே ஒரு வேற்றுமையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அத்தாள் ஒருவர் கையிற் சேர்ந்தால் பலர் காதிற் சேர்ந்தது. எழுத்தறிந்தார் படிக்க, அறியாதார் சூழ்ந்திருந்து கேட்டனர், ஐயம் எழுப்பினர், வாதிட்டனர். இன்றைய பாடமோ காதிற் செருகிய கருவியின் வழியே ஒருவருக்கு மட்டும் ஒலிக்கின்றது. அடுத்து அமர்ந்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ கேட்பதில்லை.

மச்சிம நிகாயத்திற் காணப்படும் புக்குசாதியின் வரலாறு இவ்வினாவிற்கு மிகவும் பொருந்துவதாகும். அவர் பகவனை நேரிற் காணாமலே பகவன்பாற் கொண்ட நம்பிக்கையால் துறவு பூண்டவர். அவர் தக்கசீலத்து அரசரென்றும், நண்பனாகிய பிம்பிசாரன் பொற்றகட்டில் மும்மணிகளின் சிறப்பையும் மூச்சைக் கவனிக்கும் தியானமுறையையும் எழுதியனுப்ப, அதனைத் தனியிடத்திருந்து படித்து மனவொருமை எய்தினாரென்றும் உரைகாரர் கூறுவர். மடல்வழிப் பாடம் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ? ஆயின், மடல் கைக்கு வந்துவிட்டதே என்று அவர் அரண்மனையில் அமர்ந்துவிடவில்லை. முடியைத் துறந்து இராசகிருகம் வரை கால்நடையாய் நடந்தார். அங்கே ஒரு குயவரின் பட்டறையில் இரவு தங்கியபோது, உடன் தங்கிய பிக்கு பகவனே என்பதை அவர் அறியவில்லை, முகத்தைக் கண்டதில்லையன்றோ! இருவரும் இரவின் பெரும்பகுதியைத் தியானத்திற் கழித்தனர். பின்னர்ப் பகவன் தம்மம் உரைக்கவே, உரைத்த தம்மத்தைக் கொண்டு, இவரே என் ஆசான் எனப் புக்குசாதி கண்டுகொண்டார். முகத்தைக் காணாமற் கற்றது அவருக்குக் குறையாகவில்லை. கற்றது அவரை எழுந்து நடக்கச் செய்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி, தியானத்தைத் துணையின்றிப் பயில்வதிலுள்ள இடரையும் மறைத்தலாகாது. வேசாலியிற் பகவன் உடலின் அழுக்கை எண்ணும் தியானத்தைப் புகழ்ந்துரைத்துவிட்டு, அரைத் திங்கள் தனிமையை மேற்கொண்டார். உணவு கொண்டுசெல்வார் ஒருவரையன்றி எவரும் அவரை அணுகலாகாதென்பது ஏற்பாடு. அந்நாட்களில் அத்தியானத்தை அளவு கடந்து பயின்ற பிக்குகள் பலர், உடலையே வெறுத்து உயிரை மாய்த்துக்கொண்டனர் எனப் பிடகமே கூறுகின்றது. திரும்பி வந்த பகவன், சங்கத்தைக் கூட்டி மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்பித்தார். பின்னாளில் விசுத்திமக்கத்தை இயற்றிய புத்தகோசர், தியானப் பொருள்கள் நாற்பது என்று வகுத்து, மாணாக்கனின் இயல்பறிந்து தக்கதைத் தருபவனாகிய கல்யாணமித்திரனை நாடுக என்று விதித்தார். காமமிக்கானுக்கு ஆவது சினமிக்கானுக்கு ஆகாது. பதிவு செய்யப்பட்ட பாடமோ எல்லார்க்கும் ஒன்றே. கேட்பவள் அழுகின்றாளா, உறங்குகின்றாளா என்பதனை அது அறியாது. மனம் கலங்குவோர் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, அறிந்தாரையோ மருத்துவரையோ நாடவேண்டுமென்று சொல்லவும் அருகில் ஒருவர் வேண்டும்.

பதிவுக்குரல் என்பதனாலேயே பாடம் பழுதென்பதும் எம் கருத்தன்று. 1969ஆம் ஆண்டில் பர்மாவினின்று இந்தியா வந்து விபஸ்ஸனாவைப் பரப்பிய சத்யநாராயண கோயங்கா 2013ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நிறுவிய இகத்புரி முதலிய நிலையங்களில் இன்றும் பதிவு செய்த அவரது குரலே பத்து நாட்களும் கற்பிக்கின்றது. ஆனால் அங்கே மாணாக்கர் முதலிற் சீலம் ஏற்கின்றனர், கைப்பேசியை ஒப்படைக்கின்றனர், ஐயம் கேட்கத் துணை ஆசிரியர் ஒருவர் நேரில் இருக்கின்றார், முன்பு பயின்றோர் சமைத்துப் பரிமாறுகின்றனர், கட்டணமும் இல்லை. குரல் பொறியினின்று வந்தாலும் சூழ்ந்திருப்போர் மனிதர். மற்றுச் சிலரோ, மூச்சைக் கவனித்து அலுவலகத்தில் இன்னும் இரண்டு மணிநேரம் உழைக்கும் வலிமை பெறுதலே தியானம் என்று சொல்லி டாலர்க் கணக்கில் விற்கின்றனர். அதனைப் பற்றி அதிகம் எழுத வேண்டுவதில்லை.

நம்மவர்க்கே உரிய வேறொரு பொருள் உண்டு. இணையவழி வகுப்பில், எந்த ஊர், எந்தத் தெரு என்று எவரும் கேட்பதில்லை. பெயரை மாற்றிக்கொள்ளலாம், முகத்தையும் மறைத்துக்கொள்ளலாம். பல நாட்டாரோடு ஒப்ப அமர்ந்து கற்கும் அந்த ஒரு மணிநேரம் நிம்மதி தருகின்றதென்று இளைஞர் சொன்னால், அதை எள்ளி நகையாடுவோமல்லோம். அந்நிம்மதி எத்தகைய வெப்பத்தினின்று பெற்ற நிழல் என்பதை நாம் அறிவோம். எனினும், அறியப்படாமையும் சமத்துவமும் ஒன்றாமோ? அனுருத்தர், ஆனந்தர் முதலிய சாக்கிய குமரர், தம் நாவிதராகிய உபாலியுடன் துறவு பெற வந்தபோது, எம் செருக்கு அடங்கும்பொருட்டு இவருக்கே முதலில் துறவு அளித்தருளுக என்று வேண்டினர். அவ்வாறே உபாலி மூத்தவராயினார். அரசகுமரர் அவர் முன் எழுந்து நின்று கைகூப்பி வணங்கினர். உபாலி யாரென்று மறைக்கப்படவில்லை, எல்லாரும் அறிந்திருந்தனர். அறிந்தே வணங்கினர். அவ்வணக்கத்தைச் செய்ய முதுகு வளைய வேண்டும். அதனைத் திரை செய்விக்காது. திரைக்கு அப்பாலிருந்து நம்மை நண்பரென்று அழைக்கும் ஒருவர், நம் வீட்டில் வந்து நீர் அருந்துவாரா என்பது இன்னும் சோதிக்கப்படாமலே இருக்கின்றது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் மக்களை ஒரு திடலில் திரட்டித் தம்மம் ஏற்பித்ததும், அவரவர் தம் வீட்டில் தனித்து ஏற்கட்டும் என்று விடாததும் காரணமின்றியன்று.

ஆதலின் நம் கிளைச் சங்கங்கள் செய்யத்தக்கது யாதெனின், பாடத்தை விலக்குவதன்று. அதனைத் தனியறையினின்று மன்றத்திற்குக் கொண்டு வருவதேயாம். ஞாயிறு மாலையிற் பத்துப்பேர் கூடினாலும் போதும். பஞ்சசீலம் சொல்லித் தொடங்கி, அரைமணி நேரப் பாடத்தை எல்லாரும் கேட்குமாறு ஒலிக்கச் செய்து, இடையிடையே நிறுத்தி, ஆங்கிலம் அறிந்த இளைஞரோ மங்கையரோ தமிழிற் சொல்லலாம். சிறிது நேரம் ஒருங்கே அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம். வாரம் முழுதும் தனித்துப் பயின்றவர் தமக்கு நேர்ந்ததை அங்கே சொல்லலாம். எழுத்தறியாத மூதாட்டியார் கேட்கும் கேள்விக்குப் பாடத்தில் விடை இராது. அங்குள்ளோரே தேடிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆண்டிற்கொருமுறை, பாடம் கேட்டோர் சிலர் சேர்ந்து, பிக்குகள் வாழும் விகாரை ஒன்றிற்குச் சென்று சில நாள் தங்கி வரலாம். அதற்கான வண்டிச் செலவைச் சங்கப் பொதுநிதியினின்று தரலாமா என்பதை அடுத்த செயற்குழுவில் வைத்துக் கேட்க எண்ணியிருக்கின்றோம்.