கைபற்றித் தடுக்கும் தொண்டு

ஆன்மாச் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இருளொடு கூடிய கண் இருளாதலும், ஒளியொடு கூடிய கண் ஒளியாதலும் இதற்கு உவமையாக ஆசிரியன்மார் காட்டுவர். கண்ணுக்குத் தானே காணும் ஆற்றல் இருப்பினும், காட்டுவான் ஒருவன் இன்றி அது காணமாட்டாது. இவ்வுண்மையை நாம் மடங்களில் பாடஞ் சொல்லுகின்றோம், சபைகளில் விரித்துரைக்கின்றோம். ஆயின், பெருந்துயரிற் பட்டு, இனி உயிர்வாழ்தல் வேண்டா என்று எண்ணி நிற்பான் ஒருவன் நம் எதிரே வருங்கால், இவ்வுண்மை நம்மை யாது செய்யப் பணிக்கின்றது? அவனை அறிந்துகொள்ளுதற்கும் தாங்குதற்கும் நாம் பயிற்சி பெறுதல் வேண்டுமோ, அன்பு ஒன்றே அமையுமோ? இதனை ஈண்டு ஆராய்வாம்.

இஃது எங்கோ சிலர்க்கு நேரும் செய்தி அன்று. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1,70,924 பேர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டது. அவருள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். இத்தனை பேரும் ஏதோ ஓர் இல்லத்திலும் தெருவிலும் நம்மிடையே வாழ்ந்தவரே. அவருட் பலர் கோயிலுக்கும் வந்திருப்பர்.

இவ்வாராய்ச்சிக்குத் திருத்தணிகையினும் ஏற்ற இடம் வேறில்லை. சூரனொடு செய்த போரின் சினம் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்தருளிய இடமாதலின் செருத்தணி எனப் பெயர்பெற்றது என்பர். பெருமான் சினத்திற்கே தணிதற்கு ஓர் இடமும் காலமும் கூறிய தலம் அது. உயிரை வெறுக்கும் எண்ணமும் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணிவதே. அவ்வலை உச்சியில் நிற்கும் சிறுபொழுதில் ஒருவர் உடனிருப்பாராயின், அது கடந்துபோதலும் கூடும் என்பதே இத்துறை மருத்துவர் பலரும் கண்டது.

இன்னும் ஒன்று. ஆங்கில ஆண்டின் இறுதி நாளில் அம்மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் முழங்கத் திருப்படித் திருவிழா நிகழ்கின்றது. வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த விழா அது. அத்திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதர் யார்? வாழ்வை வெறுத்து உயிர்விடத் துணிந்த பொழுதில் திருவண்ணாமலையிற் பெருமானால் தடுத்தாட்கொள்ளப்பட்டவர் என்பது வழிவழி வரும் வரலாறு. அன்று அவரைத் தாங்கிய கை இல்லையாயின், தணிகைப் படிகளில் இன்று பாடுதற்குப் பாட்டில்லை. துயருற்று நிற்பான் ஒருவனுள் யாது அடங்கிக் கிடக்கின்றது என்பதை அப்பொழுது அவனும் அறியான், நாமும் அறியோம்.

அற்றேல், துயரம் பிராரத்த வினையின் பயனன்றோ, அதனிடைப் புகுதற்கு நாம் யார் எனின், அது பொருந்தாது. பசியும் பிணியும் வினைப்பயனே. எனினும் எந்த மடமும் அன்னசத்திரத்தை மூடியதில்லை. எச்சைவரும் மருத்துவனைத் தடுத்ததில்லை. வினையை ஊட்டுவான் இறைவனாயின், அவ்வினையிடை உதவுவாரைக் கூட்டுவிப்பானும் அவனே. உடம்பு, வினை கழித்து அறிவு விளங்குதற்கென அவன் தந்த கருவி. அக்கருவி இடையே முறிதலால் வினை கழிந்துவிடாது. ஆதலின், ‘அவன் வினை’ என்று விலகிநிற்றல் சித்தாந்தம் ஆகாது. அஃது அன்பின்மைக்கு இட்ட பெயரேயாம்.

இனி, அடியாருட் சிலர் தம்முயிரையே மாய்க்கத் துணிந்தனரே எனின், அவ்வரலாறுகளை முடிவுவரை நோக்குதல் வேண்டும். அரிவாட்டாய நாயனார் துணிந்தபோது நீண்டு வந்தது, தடுத்துப் பற்றிய இறைவன் திருக்கை. ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாறு இன்னும் நுட்பமானது. அவர்தம் முடிவைக் கண்டு ஆற்றாராய் நம்பியாரூரரும் அவ்வழியே செல்லத் துணிந்தார். அப்பொழுது திருவருளால் உயிர்பெற்று விரைந்தெழுந்து அவரைப் பற்றித் தடுத்தவர், அதுகாறும் அவரை வெறுத்த அக்கலிக்காமரே. பின்னர் இருவரும் நண்பராய்த் திருப்புன்கூர் சென்று வணங்கினர். முன்னதில் தடுத்தது இறைவன் கை. பின்னதில் தடுத்தது மனிதன் கை. சேக்கிழார் பெருமான் நமக்குக் காட்டுவது துணிவை அன்று, தடுத்தலையே என்க.

திலகவதியார் வரலாறும் இதுவே. கலிப்பகையார் போரில் இறந்தமை கேட்டு அவ்வம்மையார் உயிர்விடத் துணிந்தபோது, இளையராகிய மருணீக்கியார் தத்துவம் பேசவில்லை, நிலையாமை உரைக்கவில்லை. தந்தையும் தாயும் இறந்தபின் தமக்கு அவரே துணை என்றும், அவர் செல்லின் தாம் முன்னே செல்வதாகவும் அழுதார். அவ்வன்பு அம்மையாரைத் தரித்து நிற்கச் செய்தது. அவர் தரித்தமையால் நமக்குத் திருநாவுக்கரசர் கிடைத்தார். திருமருகலில் அழுகுரல் கேட்ட ஆளுடைய பிள்ளையாரும் முதற்கண் அப்பெண்ணின் அருகே சென்று, உற்றது யாதென வினவி, அவள் சொல்லியது முழுதும் கேட்டார். பதிகம் பாடியது அதன் பின்னரே.

அன்பு உண்டாயின் பயிற்சி எற்றுக்கெனின், அன்புடையாரும் அஞ்சிப் பிழைபடப் பேசுதல் கண்கூடு. ‘சாக எண்ணுகின்றாயா’ என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அங்ஙனம் ஆவதில்லை என்று ஆராய்ச்சிகள் தெளிவித்துள்ளன. கனிவொடு நேரே வினவப்பட்டவர் பலர் ஆறுதலே அடைகின்றனர். 1953-இல் லண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் பாதிரியார் இத்தகையார்க்கென ஒரு பணி தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தோர், தேநீர் தந்து உடனிருந்து செவிகொடுத்த சாதாரணத் தொண்டரிடமே ஆறுதல் பெற்றுச் செல்வதை அவர் கண்டார். அத்தொண்டர் கூட்டமே சமாரிட்டன்ஸ் என்று பரவியது. நம் சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சினேகா’வும் பயிற்சிபெற்ற தொண்டராலேயே நடைபெறுகின்றது.

அப்பயிற்சியின் சாரம் சிலவே. குறிப்பறிதல், நேரே வினவுதல், இடைமறியாது கேட்டல், இடர் மிகுந்தாரைத் தனியே விடாமை, உயிர்க்கு ஊறு செய்வனவற்றை எட்டாமல் அகற்றல், மருத்துவரிடம் சேர்த்தல், பின்னும் சென்று காணுதல். அகற்றுதலின் பயனைக் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிற் பகுதியில் ஆய்வாளர் கண்டனர். அங்குச் சில சிற்றூர்களில் உழவர்தம் பூச்சிமருந்துகளை வீட்டில் வையாது, பொதுவிடத்தில் பூட்டுடைய பெட்டிகளில் வைக்கச் செய்தனர், உயிரிழப்புக் குறைந்தது. 2013-இல் இவ்வாய்வு வெளிவந்தது. எடுக்கச் செல்லும் சிறுபொழுதே அலை தணியும் பொழுதாயிற்று போலும்.

இவ்வாறு பயின்றாரை மேனாட்டார் வாயில்காப்போர் என்று பெயரிட்டு வழங்குவர். நமக்கு இது புதிய சொல் அன்று. திருக்கைலையின் வாயிலில் நந்தியெம்பெருமான் நிற்கின்றார். கோயில்தோறும் துவாரபாலகர் நிற்கின்றனர். வருவார் நிலையை அறிதலே வாயில்காப்பார் கடன்.

மடத்தார் சிறப்பாகக் கருதற்பாலது ஒன்றுண்டு. உடைமைகளை வழங்கிவிடுதல், உலகம் பொய் என்றல், தனிமை விழைதல், ஊணும் உறக்கமும் குறைதல், எல்லாரிடத்தும் விடைபெறுவார் போலப் பேசுதல், நெடுங்கலக்கத்தின் பின் திடீரென அமைதியுறுதல் இவை இடரின் குறிகள். இவற்றை நாம் வைராக்கியம் என்று மயங்கிப் போற்றுதல் கூடும். மெய்த்துறவு உயிர்களிடத்து அன்பை விரிக்கும். விரக்தியோ தன்னைத் தானே சுமையென வெறுக்கும். துறவு வேண்டி வருவான் ஒருவனிடம் இவ்வேறுபாட்டைத் தனித்திருந்து வினவியறிதல் ஆசிரியர் கடமையாகும்.

அன்றியும், துயருற்றான் வாய்திறந்த அளவில் ‘இது பாதகம், நரகம் புகுவாய்’ என்று தொடங்குதல் தகாது. ஆணவ இருளின் கொடுமை, தான் மறைத்தலையும் அறியவொட்டாது மறைத்தல் என்பர். மனநோய் வேறு, மலம் வேறு. எனினும் துயரிருளுட் பட்டானும் தன் இருளைத் தானே காணமாட்டாமை ஒத்தது. அவனுக்கு வேண்டுவது மற்றொரு சுமை அன்று, விளக்கு. உற்றாரை இவ்வாறு இழந்த குடும்பத்தாரைப் பழித்தலும் ஆகாது. அவரே அடுத்துத் தாங்கப்படற்பாலர். அரசின் சட்டமும் இவ்வழியே திரும்பியது. முயன்றாரைக் குற்றவாளியாக்கிய பழைய 309-ஆம் பிரிவிருக்கவே, 2018 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், அவரைக் கடுந்துயருற்றவராகக் கொண்டு பேணுதல் அரசின் கடன் என்றது. 2024 ஜூலை முதல் நிகழும் புதிய தண்டனைச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கொடு முயல்வது மட்டுமே அதிற் குற்றம். சட்டமே தண்டம் தாழ்த்தியபின் சமயம் தண்டம் ஓங்குதல் அழகன்று.

ஆதலின் நாம் வேண்டுவது இது. தணிகை முதலிய தலங்களில் அடியவரை அணுகிக் காண்பார் பலர்: அருச்சகர், ஓதுவார், முடி மழிப்போர், பூ விற்போர், விடுதி காப்போர், அன்னம் படைப்போர். இவர்க்கெல்லாம் மனநல மருத்துவரைக்கொண்டு ஆண்டுதோறும் இப்பயிற்சி அளிப்பித்தலை மடங்களும் சபைகளும் தம் தொண்டாக மேற்கொள்ளுதல் வேண்டும். ஆந்திர எல்லையை அடுத்த தணிகையில் தெலுங்கு பேசுவாரும் திரளாக வருதலின், அம்மொழியிலும் செவிகொடுப்பார் வேண்டும். துயரம் தாய்மொழியிலேயே வாய்திறக்கும். 2022 அக்டோபர் முதல் நடுவணரசு நடத்தும் டெலி-மானஸ் உதவியின் எண் 14416, இரவும் பகலும் பல மொழிகளிலும் கட்டணமின்றிக் கிடைப்பது. அதனை மலையடியிலும் மடத்து வாயிலிலும் எழுதிவைத்தல் எளிது. இதனைப் படிப்பாருள் எவரேனும் அத்தகைய துயரில் இருப்பின், அவ்வெண்ணை அழைத்தலோ, அருகிருப்பார் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதலோ இன்றே செய்க.

காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் இறைவன் செயலே. அவ்வுபகாரத்தின் சிறுநிழலாய் ஒரு சிறுபொழுது பிறர்க்கு உடனிருத்தல் நம்மாலும் ஆவது. அரிவாட்டாயர்பால் நீண்ட திருக்கை நம் கைகளின் வழியும் நீளவல்லது. அதற்கு அக்கைகள் பயின்றிருத்தல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.