எவர் இட்ட பாதை?

தந்தை துடுப்பு வலிக்கிறார். தாய் திசை பார்க்கிறார். மகன் தூண்டிலிட்டுக் காத்திருக்கிறான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையோரம், ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ எனும் கானகம். அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள்! ஒரு குழுவில் 9 பேர், 4 ஓடங்கள், அதற்குமேல் அனுமதியில்லை. நல்ல கட்டுப்பாடு, காடு பிழைக்கிறது.

ஆனால், 1964ஆம் ஆண்டுச் சட்டம் கானகத்துக்கு இலக்கணம் வகுத்தது: அங்கே மனிதன் வந்துபோகும் விருந்தாளி, தங்குபவன் அல்லன் என்று. விருந்தாளியா? எவர் வீட்டில்? பிர்ச் மரப்பட்டையால் ஓடம் கட்டியவர் யார்? ஏரியில் தானே விளைந்த நெல்லைத் திரட்டியவர் யார்? ஏரிக்கும் ஏரிக்கும் இடையே ஓடத்தைத் தோளில் சுமந்து, நடந்து நடந்தே பாதை சமைத்தவர் யார்? ஒஜிப்வே மக்களும் அவர்க்கு முன்னிருந்தோரும் அல்லரோ! 1854இல் ஒப்பந்தத்தால் அந்நிலத்தின் பெரும்பகுதி கைமாறிற்று. வேட்டையாடவும் மீன்பிடிக்கவுமான உரிமையையோ அவர்கள் விட்டுக்கொடுத்தாரில்லை.

காட்டைக் காத்தல் கடமை. அதனை நாம் மறுக்கவில்லை. காப்பதன் பெயரால், வாழ்ந்தவரை மறப்பது அறமாகுமா? சிந்திப்போம், தோழர்களே! ஓடம் தோளில் கனக்கையில் மகன் கேட்பான்: “இந்தப் பாதையை யாரப்பா போட்டது?” “இயற்கை” என்பது எளிய விடை, உண்மை விடையன்று. உண்மையை உரைக்கும் தந்தையே, மீன்பிடிக்கக் கற்பித்ததினும் பெரியதொன்றை மகனுக்குக் கற்பித்தவராவார்.