எங்கிருந்து எடுத்தது?

'பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்' என்று ஒருவர் பேச்சைத் தொடங்கினால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். எந்தப் பெரியவர், எங்கே சொன்னார் என்று கேட்டுவிட்டால் பேசுகிறவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. தம்மைப் பொய்யர் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். நான் கேட்டதென்னவோ வழிதான். திருத்தணிக்குப் போய் வந்தேன் என்கிறவரிடம் எந்தப் பஸ்ஸில் போனீர்கள் என்று கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகுமா? நானும் ஒரு நாள் போக வேண்டியிருக்கலாம் அல்லவா?

சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் மகா மேதை. வரிக்கு வரி பழைய நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவார். ஆனால், எந்த நூல் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். பிறரும் இப்படிச் சொன்னார் என்ற அளவில் விட்டுவிடுவார். அந்தப் 'பிறர்' யார் என்று தெரியாமல் உ. வே. சாமிநாதையர் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் கண்ட பிறகுதான், பல அடிகளுக்குத் தாய்வீடு எதுவென்று அவருக்கு விளங்கிற்று. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, 1889இல் பத்துப்பாட்டு, 1894இல் புறநானூறு.

பெயரைச் சொல்லாமல் விட்டதால்தானே இவ்வளவு தேடினார், அதனால்தானே சங்க நூல்கள் கிடைத்தன என்று கெட்டிக்காரர் ஒருவர் என்னிடம் வாதாடினார். ஒரு சாமிநாதையர் கிடைத்தார் என்பதற்காக எல்லாரும் வீட்டு விலாசத்தை அழித்துவிடலாமா?

நச்சினார்க்கினியரை நான் குறை சொல்லவில்லை. அவருடைய மாணாக்கர்களுக்கு அந்த நூல்களெல்லாம் மனப்பாடம். ஓர் அடியைச் சொன்னால் மீதிப் பாட்டை அவர்களே சொல்லிவிடுவார்கள். அங்கே நூலின் பெயரைச் சொல்வது, பக்கத்து வீட்டுக்காரருக்கு நம் தெருப் பெயரைச் சொல்வது போலத்தான். அந்தத் தெரு ஒரு நாள் இல்லாமலே போகும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க நியாயமில்லை.

புறத்திரட்டு என்று ஒரு தொகை நூல் இருக்கிறது. தொகுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால், எடுத்த பாட்டுக்கு நூலின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறார். முத்தொள்ளாயிரத்தில் இன்று நம் கையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களில் பெரும்பாலானவை அந்த மனிதரால் பிழைத்தவை. அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் அவை வெறும் நல்ல வெண்பாக்களாக எங்கோ கிடந்திருக்கும். முத்தொள்ளாயிரம் என்ற நூல் நமக்கு வெறும் பெயராகவே நின்றிருக்கும். தம் பெயரை நமக்கு விட்டுப் போகாத ஒருவர் பிறர் நூலின் பெயர்களைக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பாட்டு போனால் ரசனைக்கு நஷ்டம், அவ்வளவுதானே என்பவர்களுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவர், கைப்பேசியில் வந்த குறிப்பு ஒன்றை நம்பிச் சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை நிறுத்திவிட்டார். 'வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்' என்றுதான் அதில் இருந்தது. எந்த நாடு, எந்த ஆராய்ச்சிச்சாலை, எந்த வருஷம்? ஒன்றுமில்லை. அனுப்பியவர் அவருடைய சொந்த மருமகன், அன்பினால்தான் அனுப்பினார். காலில் புண் வந்து பெரியவர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "மாப்பிள்ளை அனுப்பினதை எங்கே பார்த்தீங்கன்னு கேட்க முடியுங்களா?" என்று அவர் என்னிடம் கேட்டார். கேட்க முடியாதுதான். அதனால்தான் கேளாமலே சொல்லிவிட வேண்டும் என்கிறேன். விலாசத்தோடு வரும் செய்தி, என்னைச் சரிபார்த்துக்கொள் என்று பெறுகிறவனுக்கு அனுமதி கொடுத்துவிடுகிறது. விலாசம் இல்லாதது அன்பையும் மரியாதையையும் ஜாமீனாக வைத்து உள்ளே நுழைகிறது.

விலாசம் கொடுப்பதிலும் போலிகள் உண்டு. எதைப் பற்றிப் பேசினாலும் தம் கடைக்கு வழி சொல்லுகிறவர்கள் ஒரு வகை. தாம் படிக்காத புத்தகங்களின் பெயர்களை அடுக்கி நம் வாயை அடைப்பவர்கள் இன்னொரு வகை. நாம் போய்ப் பார்க்கமாட்டோம் என்பதுதான் அவர்களுடைய தைரியம். நான் சில சமயம் போய்ப் பார்த்ததுண்டு. சொன்ன இடத்தில் சொன்ன விஷயம் இருப்பதில்லை.

இவ்வளவும் சொல்லுகிற நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் நாவல் ஒன்றில் வரும் பெண்ணைப் பார்த்து, இவள் யார், எந்த ஊர் என்று கேட்டு வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். அவள் இருக்கிறாள். ஒரு மாலை நேரம் முழுவதும் தன் வாழ்க்கையை எனக்குச் சொல்லிவிட்டு, பெயரை மட்டும் எங்கும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். அந்தக் கடிதங்களுக்கு, உங்கள் கேள்வி நியாயமானது, ஆனால் பதில் சொல்ல எனக்கு உத்தரவில்லை என்றுதான் எழுதுகிறேன். ஒரு வாசகர், அப்படியானால் கதை முழுவதும் உங்கள் கற்பனை என்றே நான் வைத்துக்கொள்வேன் என்று பதில் எழுதியிருந்தார். வைத்துக்கொள்ளட்டும்.