பட்டுச் சுரப்பியின் சாவு தியாகமா?

கூடு கட்டி முடித்த பட்டுப்புழுவுக்குப் பட்டுச் சுரப்பி இனித் தேவையில்லை. உடலைவிட நீண்டு, மடிப்பு மடிப்பாகக் கிடந்த அந்த உறுப்பு, புழு கூட்டுப்புழுவான சில நாட்களிலேயே கரைந்துபோகிறது. எக்டைசோன் என்ற ஹார்மோன் உயர்ந்ததும், சுரப்பியின் செல்கள் தம் உள்ளுறுப்புகளையே இரட்டைச் சவ்வுப் பைகளில் அடைக்கின்றன. பைகள் லைசோசோமுடன் இணைய, அங்குள்ள நொதிகள் அவற்றைச் செரித்துவிடுகின்றன. இதுவே தன்னுண்ணல். கரைந்த சத்து, உருவாகிவரும் அந்துப்பூச்சிக்குப் பயன்படுகிறது.

ஒன்று தன்னையே உண்டு இன்னொன்றை வாழவைப்பதால் இதைத் தியாகம் என்று சொல்லத் தோன்றும். சமயச் சொற்பொழிவுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பொருந்தாது.

கொல்வது தன்னுண்ணல்தானா என்பதே நெடுநாள் ஐயமாக இருந்தது. பட்டினி கிடக்கும் செல் பிழைப்பதும் இதே வழியில்தான். சாகும் செல்லில் அந்தப் பைகளைக் கண்டு அவையே கொன்றன என்பது, தீப்பிடித்த வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பவரைத் தீவைத்தவர் என்பதுபோல் ஆகிவிடலாம். பழ ஈதான் தெளிவு தந்தது. 2009இல் வெளியான ஆய்வில், தன்னுண்ணலுக்குரிய மரபணுக்களை முடக்கியதும் புழுப்பருவ நடுக்குடல் அழிவது தாமதமானது. செல் சாவை வழக்கமாக நடத்தும் காஸ்பேஸ் நொதிகளைத் தடுத்தபோதோ, குடல் உரிய வேளையில் அழிந்தது. அதே ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி முழுதாக அழிய இரண்டும் வேண்டியிருக்கிறது.

எனவே, காப்பதும் அழிப்பதும் ஒரே செயல்தான். எது நடக்கும் என்பதைச் செல் இருக்கும் இடமும் ஹார்மோன் வரும் வேளையும் தீர்மானிக்கின்றன. மறுக்க முடிந்தவர் கொடுத்தால்தான் அது தியாகம். மரபணு முடங்கிய செல் சாகாமல் நிற்பது மறுப்பல்ல, இயலாமை. கொடுப்பவர், பெறுபவர் என்று இருவரும் இங்கே இல்லை. சுரப்பியும் சிறகும் ஒரே கருமுட்டையின் வழிவந்தவை. உறுப்புகள் முழு உடலுக்காக இருக்கின்றன என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து இங்கே செல்லும், ஆனால் அந்த 'ஆக' என்பதை வகுத்தது இயற்கைத் தேர்வு. செயல் உண்டு, செய்பவன் என்று தனியே ஒருவன் இல்லை என்னும் பௌத்தப் பார்வை இன்னும் நெருங்கி வருகிறது.

நூல் எடுக்கக் கூட்டை வெந்நீரில் இடும்போது நிகழும் சாவு வேறு. அங்கே சுரப்பி மட்டுமல்ல, அந்துப்பூச்சியாக வேண்டிய உயிரே முழுதாகப் போகிறது. அதைச் செய்கிற மனிதருக்குச் செய்யாமலிருக்கவும் முடியும். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டு உடுத்துவதை எதிர்த்தது இந்தச் சாவை எண்ணித்தான். அறக்கேள்வி எழும் இடமும் அதுவே.